அடைக்கூடையில் பிரேக் கட்டை

முட்டையைக் கண்ணிமைமேல் வைத்துப் பார்த்தவர்கள் இன்று எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை. அடையில் உட்கார்ந்திருக்கும் கோழியின் வயிற்றுக்கடியிலிருந்து அப்போதுதான் எடுத்த முட்டையை மூடிய கண்ணின்மேல் மெதுவாக ஒத்தினால், முதலில் வைக்கோலும் இறகும் கலந்த ஒரு புழுக்க வாடை மூக்கில் ஏறும், பிறகு சூடு இமைக்குள் இறங்கும். பாத்திரம் தேய்த்துக் காய்த்துப்போன உள்ளங்கைக்கு அந்தச் சூட்டின் அளவு பிடிபடாது. "கைய நம்பாத, கண்ண நம்பு" என்பாள் அம்மா. நான் அதை நம்பியதால்தான் ஐம்பது வருடமாக மனத்தில் ஒரு பிரேக் கட்டையைச் சுமந்துகொண்டு திரிகிறேன். வேகனின் சக்கரத்தை அழுத்தி நிறுத்துவதற்கு வைத்திருப்பார்களே, வளைந்த வார்ப்பிரும்புத் துண்டு, அதைத்தான் சொல்கிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் யார்டை ஒட்டிய ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்து வீடு, ஒவ்வொன்றும் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும், பின்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய், ஒரு துவைகல். நைனா யார்டில் வேகன் ரிப்பேர் ஷெட்டில் ஃபிட்டர். என் அப்பாவை நான் "நைனா" என்றுதான் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் சாமியாருக்கு முன்னால் மட்டும் "அப்பா" என்று சொல்லும்படி அம்மா கண்ணைக் காட்டுவாள். எனக்கு அப்போது பத்து வயது. ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். வீட்டில் வைத்த பெயர் ஸ்டெல்லா, தெருவில் எனக்குப் "பம்பரம்" என்று பெயர். இப்போது அறுபதைத் தாண்டிவிட்டேன், கால் இன்னும் நின்றபாடில்லை.

எங்கள் வரிசையில் கோழி இல்லாத வீடு கிடையாது, ஆனால் அடை வைத்தால் முழுசாகப் பொரித்த வீடும் கிடையாது. பதினொன்று வைத்தால் நாலு, ஒன்பது வைத்தால் இரண்டு என்றுதான் குஞ்சு வரும். மீதி எல்லாம் "கூமுட்டை". பொரிக்காத முட்டையைத் துவைகல்லுக்குப் பின்னால் கொண்டுபோய் உடைக்கும்போது ஒரு நாற்றம் வரும் பாருங்கள், பத்து வீட்டிலும் சோறு இறங்காது. ஆனால் மூக்கைப் பொத்திக்கொண்டு பத்து வீட்டுப் பெண்களும் அங்கே வந்து நிற்பார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமே. வெறும் தண்ணியாக இருந்தால் சேவல் சேராத முட்டை. சிவப்பு நரம்பு ஓடி நின்றிருந்தால் நடுவில் குளிர்ந்துபோனது. முழுக் குஞ்சும் உள்ளேயே செத்திருந்தால் அங்கேதான் சண்டை ஆரம்பிக்கும். முட்டையைக் கழுவித் துடைத்து வைத்திருப்பாய் என்பாள் ஒருத்தி. கிருஷ்ணாயில் டின்னுக்குப் பக்கத்தில் வைத்திருப்பாய் என்பாள் இன்னொருத்தி. கூடையில் வேப்பிலை போடாததால் பேன் பிடித்து, கோழி நிலைகொள்ளாமல் எழுந்து எழுந்து போயிருக்கும் என்பாள் மூன்றாமவள். கடைசியில் எல்லோரும் ஒரு குற்றவாளியிடம் வந்து சேருவார்கள். அது யார்டு.

இராப்பகல் பார்க்காமல் அங்கே வேகன்களைத் தள்ளிப் பிரித்துக் கோக்கும் ஷண்டிங் நடக்கும். வேகனோடு வேகன் மோதும்போது எங்கள் வீட்டுச் சுவரில் மாதா படம் ஒரு பக்கமாகச் சாயும். அம்மா நாளுக்கு நாலு தரம் அதை நேராக்குவாள். மழைக்காலத்தில் இடி இடித்தால் அடைமுட்டை கெட்டுப்போகும் என்று எல்லா ஊரிலும் சொல்வார்கள். அதற்குத்தான் கூடையில் ஓர் இரும்பு ஆணியும் ஒரு கரித்துண்டும் ஒரு காய்ந்த மிளகாயும் போட்டு வைப்பது. ஆனால் அந்த ஆணி வானத்து இடிக்குத்தானே, தினம் தினம் தரையிலேயே இடிக்கும் ஊரில் அது எம்மாத்திரம் என்பது எங்கள் தெருவின் தீராத கவலை.

அந்த வருடம் புரட்டாசியில் தெரு முழுக்கக் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் வந்தது. காலையில் கழுத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும், மத்தியானத்துக்குள் விழுந்துவிடும். பத்து நாளில் எங்கள் வரிசை சத்தமில்லாமல் போனது. எங்கள் வீட்டில் தப்பியது தலையில் கொத்தாக இறகு வைத்த ஒரே ஒரு "தொப்பிக்கோழி". தனம் அக்கா வீட்டில் அதுவும் மிஞ்சவில்லை.

தனம் அக்கா எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது இருக்கலாம். அவள் வீட்டுக்காரர் செல்வம் ஹார்பரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர், யாரோ சொல்லி ஒரு சரக்குக் கப்பலில் தளத்து வேலை பார்க்கும் கலாசியாக ஏறிப் போனார். போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது, பிறகு நின்றது. போகும்போது அவர் விட்டுவிட்டுப் போனது ஒரு சண்டைச் சேவல். கறுப்பும் சிவப்புமாய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கும் அதற்கு "மைனர்" என்று பெயர். "என்ன நெனச்சிகினா அவனப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அக்கா அதற்குக் கேழ்வரகு ஊறவைத்துக் கையால் ஊட்டுவதைத் தெருவே கிண்டல் செய்யும். அந்த மைனரும் கழிச்சலில் போனது. அவளுடைய இரண்டு பெட்டைகளும் போயின. அக்கா மூன்று நாள் குழாயடிக்கே வரவில்லை.

நான்காம் நாள் முந்தானையை மடித்துப் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். மடிப்புக்குள் ஒன்பது முட்டை. நோய் வருவதற்குமுன் அவளுடைய பெட்டைகள் இட்டவை. அரிசிப் பானைக்குள் கூர்முனை கீழே இருக்கும்படி நிறுத்தி வைத்திருந்தாள்.

"யக்கா, மைனரோட ரத்தம்னு இது மட்டும்தான் மிச்சம் கீது. உன் கோழி அடை கேக்குதுன்னு ஸ்டெல்லா சொல்லிச்சி. அவுரு வந்து 'எங்கடி'ன்னு கேட்டா நான் இன்னா மூஞ்சிய வெச்சிகினு பதில் சொல்வேன்? ஒரு சேவக்குஞ்சு கெடச்சா போதும்க்கா."

அம்மா தொப்பிக்கோழிக்கென்று தானே ஒரு டஜன் முட்டை வாங்கி வைத்திருந்தாள். அவற்றைப் பார்த்தாள், அக்கா முகத்தைப் பார்த்தாள். அன்றைக்கே அந்த டஜன் முட்டையும் குழம்புக்குப் போனது. அடைக்கோழியை வேறு வீட்டுக்கு மாற்றினால் அடை கலைந்துவிடும் என்பதால் அக்காவின் முட்டைகள் எங்கள் சமையல் மூலைக்கு வந்தன. ஓலைக்கூடையில் மணலைப் பரப்பி, அதன்மேல் வைக்கோலைச் சுருட்டி, ஆணி, கரி, மிளகாய் எல்லாம் வைத்து, ஒன்பதையும் அடுக்கினாள் அம்மா. "இதுல ரெண்டு பழசு. பதினஞ்சு நாளுக்கு மேல ஆயிடுச்சின்னா உள்ள உசுரு நிக்காது" என்றாள். அக்கா கேட்கவில்லை, ஒன்றைக்கூட எடுக்க விடவில்லை.

பிறகு என் பக்கம் திரும்பி, "கூடையத் தொட்டே, கைய ஒடிச்சி அடுப்புல வெச்சிடுவேன்" என்றாள் அம்மா. பம்பரத்திடம் சுற்றாதே என்று சொல்வதற்கும் அதற்கும் அதிக வித்தியாசமில்லை. எனக்குப் பள்ளிக்கூடம் காலை ஷிப்டு மட்டும். மத்தியானத்திலிருந்து அந்தக் கூடைக்கும் எனக்கும் நடுவில் ஓர் அம்மாதான் இருந்தாள், அவளும் எத்தனை நேரம்தான் இருப்பாள்?

அடை வைத்த நான்காம் நாள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வானத்திலும் இடி, யார்டிலும் ஏதோ கப்பல் சரக்கு வந்து குவிந்ததில் ஓயாத ஷண்டிங். மாதா படம் நேராக நிற்கவே மறுத்தது. அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டே இருந்தாள். தனம் அக்கா எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்துவிட்டு வேலைக்குப் போன நைனா, சாயங்காலம் சைக்கிள் கேரியரில் கோணி சுற்றிய ஒரு பொருளைக் கட்டிக்கொண்டு வந்தார். பிரித்தால், தேய்ந்து தண்டவாள ஓரத்தில் எறியப்பட்டுக் கிடந்த ஒரு பிரேக் கட்டை.

"ஆணி வானத்து இடிக்கு. யார்டு இடிக்கு இதான் மருந்து" என்றார். "எத்தினி வருஷமா சக்கரத்தோட மோதிகினு கெடந்த இரும்பு இது. இது கீழ இருந்திச்சின்னா எந்தச் சத்தமும் முட்டகிட்ட வராது."

சொல்லப்போனால் அதில் ஒரு நியாயம் இருந்தது. எங்களைப்போல் தண்டவாளத்தோடு வாழ்ந்தவர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடிய நியாயம். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஷெட்டிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வெற்றிலையோடு உட்காருவதைத் தவிர வீட்டுக் காரியம் எதிலும் தலையிடாத மனிதர், ஒரு பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஒன்பது முட்டைக்காக அதைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறாரே. அப்போதே கோழியை இறக்கி, ஆணியை எடுத்துவிட்டு, மணலுக்கு மேலே வைக்கோலுக்கு அடியில் நட்டநடுவில் கட்டையை வைத்தார்கள். தனம் அக்கா எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். "நல்லா கீதுண்ணே" என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் என்னை ஒரு கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"இன்னாடி ஸ்டெல்லா, கூடையத் தொட்டியா?"

"இல்லக்கா."

"நெசமா?"

"நெசமாத்தான்க்கா."

அவள் முகம் லேசாக வாடும். நான் பொய் சொல்வதை அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்று பயந்து தெருப்பக்கம் ஓடிவிடுவேன். ஏனென்றால் நான் தொட்டிருந்தேன்.

அடைக்கோழியை நாளுக்கு ஒரு தரம் இறக்கிவிட வேண்டும். அம்மா மத்தியானம் அதைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போவாள். அங்கே அது நொய் தின்று, தண்ணீர் குடித்து, சாம்பலில் புரண்டு, வயிற்றைக் காலி செய்துவிட்டு வர கால்மணி நேரம் ஆகும். வாசற்படியில் இருக்கும் தனம் அக்காவும், "நானும் வரேன்க்கா" என்று அவள் பின்னாலேயே போய்விடுவாள். முட்டைக்குச் சொந்தக்காரி முட்டையை விட்டுவிட்டுக் கோழி பின்னால் போகிறாளே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை, என் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தேன். அந்தக் கால்மணி நேரம் கூடையும் நானும்தான். கட்டை வைத்த மறுநாள், நடுவிலிருந்து ஒரு முட்டையை எடுத்து இமைமேல் வைத்தேன். நல்ல சூடு. புரட்டி, அடிப்பக்கத்தை வைத்தேன். காலையில் முதல் தண்ணீர் வரும்போது குழாய்ப்பிடி இருக்குமே, அப்படி ஒரு சில்லிப்பு. ஓரத்து முட்டைகளைப் பார்த்தேன், அவை இரண்டு பக்கமும் ஒரே சூடு. விரலை வைக்கோலுக்குள் விட்டால் மழையின் ஈரத்தை எல்லாம் தரையிலிருந்து உறிஞ்சி வைத்துக்கொண்டதுபோல் இரும்பு குளிர்ந்து கிடந்தது. கோழி மேலிருந்து கொடுக்கும் சூட்டைக் கீழேயிருந்து அது தின்றுகொண்டிருந்தது.

சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பது அம்மாவின் முதல் கேள்வியாக இருக்கும். அடுப்புக்குள் போகப்போகும் கையை நினைத்துப் பார்த்தேன். நைனாவின் முகத்தையும் நினைத்துப் பார்த்தேன், அவர் தினமும் வந்ததும், "இன்னா, நம்ம கட்ட எப்டி கீது?" என்றுதான் கேட்டார். இரண்டு நாள் நான் எங்கும் நிலைகொள்ளவில்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது ஏழாம் வாய்ப்பாட்டில் பாதியில் நின்று, சில்லென்றிருந்த முட்டைகள் நாலா ஐந்தா என்று யோசித்து டீச்சரிடம் குட்டு வாங்கினேன். மூன்றாம் நாள் இமைமேல் வைத்த முட்டை முன்னைவிடச் சில்லிட்டிருந்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

என் பழைய பாவாடை ஒன்றைத் தரையில் விரித்து ஒன்பது முட்டையையும் அதில் வைத்தேன். வைக்கோலை விலக்கிக் கட்டையை இழுத்தேன். தூக்க வலுவில்லை, நெஞ்சோடு அணைத்து நகர்த்தி நகர்த்தி, முன்வாசல் வழியாகச் சுற்றிக் கொண்டுபோய்த் துவைகல்லுக்கு அடியில் இருந்த பொந்தில் செருகினேன். பத்தடி தூரத்தில் சாம்பல் குழியருகே அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கோழியைப் பார்த்திருந்தாள். தனம் அக்கா அவளுக்கு எதிரில் நின்று ஏதோ கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பி ஓடி, கட்டை இருந்த பள்ளத்தில் கோணி சுற்றிய ஓர் அரைச்செங்கல்லை வைத்து, வைக்கோலை மூடி, முட்டைகளை அடுக்கி முடித்தபோது மூச்சு வாங்கியது.

அன்றைக்குப் பார்த்து மூன்று மணிக்கு இடித்தது. அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி ஓர் இடியைக் கேட்டதில்லை. கூரை ஓடு அதிர்ந்து மண் கொட்டியது. வெளியே குழந்தைகள் வீறிட்டன. கூடையில் பிரேக் கட்டையும் இல்லை, பழைய ஆணியும் இல்லை. நான் எடுத்த இரும்புக்காகவே வானம் காத்திருந்து இடித்தது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. கூடைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, என் பின்னலில் இருந்த இரண்டு கொண்டை ஊசிகளையும் உருவி வைக்கோலுக்குள் செருகினேன். தொப்பிக்கோழி என் கையைக் கொத்தி ரத்தம் வரவழைத்தது. அந்த வலி எனக்குத் தேவையாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல் நீளமான நாட்களை நான் பார்த்ததில்லை. என் தலை அவிழ்ந்து கிடப்பதைப் பார்த்து அம்மா ஊசி எங்கே என்று திட்டினாள். தனம் அக்காவும் மறுநாள் என் பின்னலைப் பார்த்தாள், ஆனால் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. அதற்குப்பின் கேட்கவே இல்லை.

இருபத்தோராம் நாள் வந்தது. ஒன்றும் நடக்கவில்லை. இருபத்திரண்டும் போனது. கூடையிலிருந்து லேசாக நாற்றம் வருகிறது என்றாள் அம்மா. "அழுகினது வெடிச்சா நல்லதையும் கெடுத்துடும், எடுத்துப் போட்டுடலாம் தனம்" என்று அவள் சொன்னபோது அக்கா வாசற்படியில் அப்படியே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். "தண்ணில வுட்டுப் பாத்துட்டு போட்டுடுக்கா" என்றாள்.

அகலமான அலுமினியச் சட்டியில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றி, அதையும் இமையில் தொட்டுப் பார்த்து, ஒன்பது முட்டையையும் ஒவ்வொன்றாக விட்டாள் அம்மா. தண்ணீர் அலை அடங்கும்வரை நாங்கள் மூன்று பேரும் சட்டியின்மேல் குனிந்திருந்தோம். நாலு முட்டை மிதந்தபடி அசையாமல் நின்றன. ஐந்தாவது திடீரென்று ஒரு பக்கமாகத் துள்ளியது. யாரோ உள்ளேயிருந்து முழங்கையால் இடித்ததைப்போல் இருந்தது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஐந்து முட்டை ஆடின. தனம் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் நான் அழுதால் காரணம் கேட்பார்கள் என்று ஓடிப்போய் யார்டுச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

இருபத்துமூன்றாம் நாள் காலையில் ஓட்டைக் கொத்தும் சத்தம் கேட்டது. மத்தியானத்துக்குள் நாலு குஞ்சுகள் வெளியே வந்து, ஈரம் காய்ந்து, தொப்பிக்கோழியின் சிறகுக்குள்ளிருந்து தலையை நீட்டின. ஐந்தாவது முட்டையில் ஒரு சின்னத் துளை மட்டும் விழுந்திருந்தது. துளைக்குள் மூக்கு தெரிந்தது, மூச்சு தெரிந்தது, ஆனால் ஒரு மணி நேரமாக முன்னேற்றம் இல்லை. நான் கைவைத்ததால்தான் நாலு பிழைத்தது என்று என் கைக்கு அப்போது ஒரு திமிர் வந்துவிட்டது. அம்மா அந்தப் பக்கம் போனதும், துளையைச் சுற்றி ஓட்டை நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுத்தேன். உள்ளே வெள்ளைச் சவ்வு குஞ்சோடு ஒட்டியிருந்தது. அதையும் உரித்தேன். நூல்போல ஒரு சிவப்பு ஓடியது, பிறகு சொட்டியது. குஞ்சு என் உள்ளங்கையில் இரண்டு தரம் வாயைத் திறந்தது, அவ்வளவுதான். அது தானாக வெளியே வர இன்னும் அரை நாள் எடுத்துக்கொண்டிருக்கும். அந்த ரத்தம் எல்லாம் உள்ளே இழுத்துக்கொள்ள அதற்கு அந்த நேரம் தேவையாக இருந்தது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அதைக் கொன்றது நான்தான். இன்று நினைத்தாலும் இந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அம்மா அறைந்த அறையில் காது அடைத்துப்போனது. இரண்டாவது அடிக்குத் தனம் அக்கா நடுவில் வந்துவிட்டாள். "வுடுக்கா. அவ கை அப்டி. அடிச்சா மட்டும் நிக்கப்போவுதா?" என்றாள். செத்த குஞ்சை ஒரு பூவரச இலையில் சுற்றி அவளே எடுத்துப்போனாள்.

இனிமேல்தான் எனக்கு உண்மையான கண்டம் காத்திருந்தது. குஞ்சுகளோடு கோழியை இறக்கியதும் கூடையைக் காலி செய்வார்கள். வைக்கோலைக் கொட்டினால் பிரேக் கட்டைக்குப் பதில் செங்கல் வந்து விழும். நைனாவும் வேலை முடிந்து வந்து நின்றார். அம்மா கூடையில் கைவைக்கும்முன், "இருக்கா, என் முட்ட வெச்ச கூட, நானே சுத்தம் பண்றேன்" என்று தனம் அக்கா அதைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தவள் கையில் வைக்கோல் ஒட்டிய பிரேக் கட்டை இருந்தது. அதைக் கொண்டுவந்து நைனாவின் முன்னால் வைத்தாள்.

"இந்தாண்ணே உன் இரும்பு. இதான் என் வயித்துல பால வாத்துச்சி."

போகிறபோக்கில் என்னைத் திருப்பி நிறுத்தி, என் பின்னலைத் தூக்கி இரண்டு கொண்டை ஊசிகளையும் செருகிவிட்டு வீட்டுக்குப் போனாள். எல்லாம் தெரிந்தும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் மன்னித்துவிட்டாள் என்று புரிந்துகொண்டேன். பதிலுக்கு நானும் இதைப்பற்றி வாய் திறக்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

திறக்காததால் வந்த வினையையும் சொல்லிவிடுகிறேன். நைனா தெருவில் பெரிய ஆளாகிவிட்டார். "பிரேக் கட்ட வெச்சா பொரிக்குமாம்" என்ற செய்தி எங்கள் வரிசையைத் தாண்டி அடுத்த வரிசைக்கும் போனது. யார்டு ஓரத்தில் தேய்ந்து கிடந்த கட்டை எல்லாம் ஒவ்வொன்றாக அடைக்கூடைக்குள் போயின. கழிச்சலுக்குப்பின் புதிதாகக் கோழி வாங்கி மார்கழிக் குளிரில் வைத்த அத்தனை அடையும் சொல்லி வைத்தாற்போல் கூமுட்டை. துவைகல்லுக்குப் பின்னால் நாற்றம் ஒரு மாதம் அடங்கவில்லை. யாராவது இரும்பைச் சந்தேகப்பட்டார்களா என்றால் அதுதான் இல்லை. யார்டுச் சத்தம் முன்னைவிட அதிகம், ஒரு கட்டை போதவில்லை, இரண்டாக வைக்க வேண்டும் என்று நைனாவே யோசனை சொன்னார். எனக்குத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம்போல் இருந்தது.

அதைத் தீர்த்து வைத்தவளும் தனம் அக்காதான். வீடு வீடாகப் போய், "இடி மேலேர்ந்துதான வருது? அப்போ இரும்பு மேல இருந்தாத்தான தடுக்கும்? நம்ம அண்ணங்கூட இப்ப அப்டித்தான் சொல்றாரு" என்று நைனாவின் தலையில் அதைக் கட்டி, கூடைமேல் கவிழ்த்த மூங்கில் பஞ்சாரத்தின் உச்சியில் கட்டையைத் தூக்கி வைக்கச் சொன்னாள். தான் எப்போது அப்படிச் சொன்னோம் என்று நைனா கொஞ்சம் யோசித்தார், பிறகு சொன்னதாகவே நம்பிவிட்டார். பங்குனியில் ஒன்பதுக்கு ஏழு, பதினொன்றுக்கு எட்டு என்று பொரித்தது. பூனையாலும் பஞ்சாரத்தைத் தள்ள முடியவில்லை. எங்கள் தெருவில் கோழி இருந்தவரைக்கும் பிரேக் கட்டை பஞ்சாரத்தின் தலையில்தான் இருந்தது.

அந்த நாலில் மூன்று பெட்டை, ஒன்று சேவல். கறுப்பும் சிவப்புமாக வளர்ந்து, யார்டுச் சுவர்மேல் ஏறி நின்று இன்ஜின் சங்குக்குப் போட்டியாகக் கூவும். அடுத்த ஐப்பசியில் செல்வம் மாமா ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கினார். வீட்டுக்குள் போகுமுன் சுவரைப் பார்த்தார். "இது மைனர் இல்லியே. மைனர் புள்ளையா?" என்றார். தனம் அக்கா தலையை மட்டும் ஆட்டினாள். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தச் சேவலையே பார்த்தபடி நின்றார். ஆறு மாதம் இருந்துவிட்டு மறுபடியும் கப்பல் ஏறினார் என்பது வேறு கதை.

லைன் வீடுகளை இடித்து வெகுநாள் ஆகிறது. இப்போது அங்கே ஒரு கன்டெய்னர் லாரி நிறுத்தும் இடம் இருக்கிறது. துவைகல்லும் இல்லை, பூவரசும் இல்லை. அடை கேட்கும் கோழியின் முனகலை அடையாளம் தெரிந்துகொள்ளும் பிள்ளைகளும் இல்லை. என் பேரன் முட்டையைக் குளிர்பெட்டிக் கதவில்தான் பார்த்திருக்கிறான். ஒருநாள் சும்மா அதை இமைமேல் வைத்துப் பார்த்த என்னைப் பைத்தியம் என்று நினைத்தான்.

போன தையில் தனம் அக்காவைப் பார்க்கப் புளியந்தோப்புக்குப் போனேன். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாவது மாடியில் மகளோடு இருக்கிறாள். காது கொஞ்சம் மந்தம், மற்றபடி குரல் அதே குரல். கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமலிருக்க அதன் அடியில் ஒரு பொருளை வைத்திருந்தாள். குனிந்து பார்த்தேன். தேய்ந்த பிரேக் கட்டை. நைனா போனபின் வீடு காலி செய்தபோது தான் கேட்டு வாங்கிவந்ததாகச் சொன்னாள். அதற்குமேல் என் வாய் நிற்கவில்லை. ஐம்பது வருடம் கழித்து, அன்றைக்கு நீ என்னை மன்னித்தாயே அக்கா என்று ஆரம்பித்தேன்.

"மன்னிச்சனா? எதுக்குடி?" என்றாள். "அத்த வெச்ச அன்னிக்கே எனக்கு மனசு ஒப்பல. ஈரத்தரையில இரும்பப் போட்டா சூடு எங்க நிக்கும்? ஆனா யாராண்ட சொல்றது? கோழி உங்கம்மாளுது. அதுவும் வெச்சிருந்த முட்டையெல்லாம் கொழம்பு வெச்சிட்டு எனக்குக் குடுத்த கோழி. இரும்பு உங்க நைனா ஆசையா தூக்கியாந்தது. முட்ட மட்டுந்தாண்டி என்னுது. அத்த எடுங்கன்னு சொல்ல எனக்கு வாயி ஏது? அந்த வூட்ல சொன்ன பேச்சக் கேக்காத ஆளு நீ ஒருத்திதான். அதான் தெனம் உன்னக் கேட்டுகினே இருந்தேன், தொட்டியா, தொட்டியான்னு. வேற எப்டிக் கேக்கறது?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நான் நின்றுகொண்டே வந்தேன். "இல்லக்கா" என்று நான் சொன்னபோதெல்லாம் வாடிய அந்த முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை. என் பொய் தெரிந்துவிட்டதோ என்று நான் பயந்துகொண்டிருந்த அதே நேரத்தில், நான் சொல்வது உண்மையாக இருந்துவிடுமோ என்று அவள் பயந்துகொண்டிருந்திருக்கிறாள்.